ஒன்பது சென்டிமீட்டர் சதுரம்

ஜூன் 3, திங்கள்

இந்த டைரியை ஒரு மருந்துக் கம்பெனிக்காரர் ஜனவரியில் கொடுத்தார். ஐந்து மாதம் மிக்ஸிக்கு அடியில் ஆட்டம் நிற்க வைத்திருந்தேன். நேற்று தங்கை போனில், "ஒனக்கு வர்ற கோவத்துக்கு ஒரு புருசன் இருந்தா அவரு தலையில கொட்டலாம். அதுவும் இல்ல. எங்கயாவது எழுதித் தொலைக்கா" என்றாள். எழுதுகிறேன். மிக்ஸி ஆடுகிறது.

என் வேலை என்னவென்று கேட்பவர்களுக்கு இதுவரை நான்கு விதமாகச் சொல்லியிருக்கிறேன், ஒருவருக்கும் புரிந்ததில்லை. ஐந்தாவது விதம் இது. ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே படத்தைத் திரையில் பார்த்துக்கொண்டே இதயக் குழாய்க்குள் கம்பி விட்டு அடைப்பு எடுக்கிறார்கள். படம் தெரிய வேண்டுமானால் எக்ஸ்ரே முதுகு வழியாக உள்ளே போக வேண்டும். எவ்வளவு போயிற்று, தோல் தாங்குமா என்று கணக்குப் பார்ப்பவள் நான். மெஷின் ஒரு எண்ணைக் காட்டும். அது காற்றில் ஒரு புள்ளிக்கான எண், மனுஷன் முதுகுக்கானது அல்ல. தூரம், மேசை, கோணம், ஆளின் பருமன் எல்லாம் சேர்த்து முதுகுக்கு எவ்வளவு என்று நான் மதிப்பிட வேண்டும். என் பெயர் செண்பகவல்லி. ஆஸ்பத்திரியில் அது யாருக்கும் தெரியாது. 'பிஸிக்ஸ் மேடம்'.

மே மாத அறிக்கை முடித்தேன். எண்பத்து நான்கு கேஸ். தோலில் ஏறிய கதிர்வீச்சு ஐந்து கிரே என்ற அளவுக்கு மேல் போனால் நோயாளியைத் திரும்பக் கூப்பிட்டு முதுகைப் பார்க்க வேண்டும். 'கண்காணிப்புத் தேவைப்படுவோர்: எவருமில்லை.' கையெழுத்துப் போட்டேன்.

சமையலறைக் குழாய் ஒழுகுகிறது. பிளம்பர் நாளைக்கு வருவாராம்.

ஜூன் 5, புதன்

ஊழியர்கள் சட்டையில் மாட்டும், கதிர்வீச்சை அளக்கும் பேட்ஜ்களைச் சேகரித்தேன். ஒன்றைக் காணோம். ஒன்று சலவைக்குப் போய் வந்திருக்கிறது, வாசனையாக இருந்தது. டாக்டர் நம்பிராஜனின் பேட்ஜ் அவர் கார் டாஷ்போர்டில் பிள்ளையார் சிலைக்குப் பக்கத்தில் இருந்தது. "பத்திரமா இருக்கட்டும்னுதான் மேடம்" என்றார். இருபது வருடமாக இதயம் பார்க்கிறவர். எதை எங்கே மாட்ட வேண்டும் என்று அவருக்கு இனிமேலா தெரியப்போகிறது.

பிளம்பர் வரவில்லை.

ஜூன் 10, திங்கள்

மதியம் நம்பிராஜன் கூப்பிட்டு அனுப்பினார். ஆவுடையப்பன் என்ற நோயாளி உட்கார்ந்திருந்தார். ஐம்பத்தேழு வயது, டவுன் பஸ் டிரைவர், பேட்டை. மே இருபதாம் தேதி மூன்று மணி நேரம் போராடி ஓர் அடைப்பை எடுத்திருக்கிறார்கள். இன்னொன்று பாக்கி. அதற்கு இருபத்து நாலாம் தேதி குறித்திருக்கிறது.

"சட்டையத் தூக்குங்க" என்றார் டாக்டர்.

வலது தோள்பட்டைக்குக் கீழே ஒரு சிவப்புச் சதுரம். இஸ்திரிப் பெட்டியை மறந்து வைத்துவிட்டுப் போனது போல ஓரமெல்லாம் நேர்கோடு.

கூட வந்தவர் அவருடைய அக்கா. அவர்தான் பேசினார். ஆவுடையப்பனின் மனைவி உலகம்மாள் முதலில் இதை அக்கிக் கொப்புளம் என்றாராம். அக்கிக்கு எழுதும் வேளார் வீட்டுக்குக் கூட்டிப் போயிருக்கிறார்கள். வேளார் செங்காவியைக் குழைத்துத் தூரிகையை எடுத்தவர், முதுகைப் பார்த்ததும் கீழே வைத்துவிட்டாராம். "அக்கி இப்பிடி சதுரமா வராது தாயி. இது சூடு பட்டது" என்று சொல்லி, கொண்டுபோன தேங்காய் பழத்தையும் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

"அப்பந்தான் எங்களுக்கு வெளங்குச்சி" என்றார் அக்கா. "முதுகு வலிக்கின்னு சொன்னதுக்கு இவ வென்னிப் பைய வச்சு ஒத்தடம் குடுத்திருக்கா. அந்தப் பையும் சதுரந்தான. எந் தம்பிய பொசுக்கிப்புட்டா, படுபாவி."

உலகம்மாள் கதவுக்குப் பக்கத்தில் நின்றிருந்தார். டாக்டர் என்னைப் பார்த்தார். நான் என் அறிக்கையைப் பார்த்தேன். ஆவுடையப்பன், 2.1 கிரே. "இந்த அளவுக்கு இப்படிச் சிவக்காது சார்" என்றேன். டாக்டர் முகம் தெளிந்தது. 'வெந்நீர் ஒத்தடத்தால் ஏற்பட்ட வெப்பக் காயம்' என்று எழுதினார். கீழே நானும் கையெழுத்திட்டேன்.

"கை பொறுக்குத சூடுதான் மேடம் வச்சேன்" என்றார் உலகம்மாள். டாக்டர் அடுத்த நோயாளியைக் கூப்பிடச் சொன்னார். நான் அறிக்கையை மடித்தேன்.

ஜூன் 11, செவ்வாய்

பிளம்பர் வந்தார். வாஷர் கொண்டு வரவில்லை. பார்த்துவிட்டுப் போனார்.

ஜூன் 12, புதன்

எக்ஸ்ரே படாமல் இருக்க மாட்டும் ஈய ஏப்ரன்களில் விரிசல் இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்த்தேன். பதினான்கில் இரண்டு கிழிசல். அவை இரண்டையும்தான் எல்லோரும் விரும்பி மாட்டுகிறார்கள், கனம் குறைவாம்.

அடைப்பு எடுக்கும் அறையான கேத் லேபின் டெக்னீஷியன் பால்துரையிடம் பேச்சுவாக்கில் மே இருபது பற்றிக் கேட்டேன். "சூப்பர் கேஸ் மேடம். நடுவுல மெஷின் மக்கர் பண்ணிச்சி. ரீஸ்டார்ட் பண்ணி ஓட்டிட்டோம்" என்றான். மெஷின் மாதம் ஒரு தடவை நிற்கும். அதில் விசேஷம் ஒன்றும் இல்லை. பேச்சுவாக்கில்தான் கேட்டேன்.

ஜூன் 14, வெள்ளி

ஆவுடையப்பனுக்கு முதுகில் மருந்து போட வந்திருக்கிறார்கள். அக்கா உள்ளே. உலகம்மாள் வெளியே படியில் உட்கார்ந்திருந்தார். என்னைக் கண்டதும் எழுந்து, ஜவுளிக்கடைப் பையிலிருந்து ஒரு ரப்பர் வென்னிப் பையை எடுத்து நீட்டினார்.

"மேடம், நீங்க சூட்டுக் கணக்குதான பாக்கிய? இதுல எம்புட்டு வென்னி ஊத்துனா எம்புட்டு சூடு ஏறும்னு பாத்துச் சொல்லுதியளா? நான் பொசுக்குற அளவுக்கு வச்சேனான்னு எனக்கே தெரியணும்."

இதுவரை என்னிடம் இவ்வளவு தெளிவாக யாரும் ஒரு கணக்குக் கேட்டதில்லை.

"எப்ப வச்சீங்க?"

"வீட்டுக்கு வந்த மறுநாளு ஒருவாட்டி, அதுக்கு அடுத்த நாளு ஒருவாட்டி. அதோட வலி நின்னுட்டு."

"எப்ப சிவந்துச்சு?"

"நாலாந்தேதி. கரண்டு பில்லு கட்டிட்டு வந்து சட்டையக் கழட்டுதாவ, அப்பந்தான் பாக்கேன்."

பிறகு அவராகவே சொன்னார். பேட்டையில் அவர் தெரு முழுக்கச் செய்தி போய்விட்டது. தண்ணீர் பிடிக்கப் போனால், "புருசனப் பொசுக்குனவ வாரா" என்று பேச்சை நிறுத்துகிறார்களாம். "அவுக எங்கூடப் பேசி பத்து நாளாச்சி மேடம். முதுகுல என்னையத் தொட விடமாட்டேங்காவ. முப்பத்தோரு வருசமா நான் பொங்குனதத்தான் தின்னாவ. இப்பம் மதினி வந்து பொங்குதா."

அறைக்குப் போய்ப் பையை ஸ்கேல் வைத்து அளந்தேன். இருபத்தெட்டுக்குப் பத்தொன்பது சென்டிமீட்டர். முதுகில் இருப்பது ஒன்பதுக்கு ஒன்பது. வெந்நீர் சுட்டால் அன்றைக்கே சிவக்கும், பத்துப் பன்னிரண்டு நாள் யோசித்துவிட்டுச் சிவக்காது. பையைத் திருப்பிக் கொடுத்து, "பார்க்கிறேன்" என்றேன்.

ஜூன் 16, ஞாயிறு

ஞாயிற்றுக்கிழமை வேலையைப் பற்றி நினைப்பதில்லை என்பது என் கொள்கை. மே இருபதாம் தேதி மெஷினைச் சாய்த்து வைத்திருந்த கோணத்தில், எக்ஸ்ரே கற்றை முதுகில் நுழையும் இடத்தில் எவ்வளவு அகலம் இருக்கும் என்று பால் பில்லின் பின்பக்கம் போட்டுப் பார்த்தேன். ஒன்பது சென்டிமீட்டர் வந்தது.

இட்லி கல்லாகிவிட்டது.

ஜூன் 18, செவ்வாய்

என் அறிக்கையை விட்டுவிட்டு மெஷினின் மூலப் பதிவையே திறந்தேன். ஆவுடையப்பன் பெயரில் முதல் படம் ஒன்பதரைக்கு. கடைசிப் படம் பத்தேகாலுக்கு. நர்ஸ் குறிப்பில் கேஸ் முடிந்தது பன்னிரண்டே முக்காலுக்கு. இரண்டரை மணி நேரம் அவர் படமே எடுக்காமல் மேசையில் படுத்திருந்தார் என்று என் அறிக்கை சொல்கிறது. நான் அதை எண்பத்து நான்கு வரிகளில் ஒன்றாகக் கடந்து போயிருக்கிறேன்.

அடுத்த வரி: நோயாளி பெயர், பிள்ளையார். வயது ஒன்று. ஆண். 6.4 கிரே.

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். காலையில் மெஷினைப் போட்டதும் ஒரு பெயிண்ட் வாளியில் தண்ணீர் நிரப்பி மேசையில் வைத்து இரண்டு படம் எடுத்துப் பார்ப்பார்கள். மெஷின், பெயர் இல்லாமல் படம் எடுக்காது. முதல் வேலை என்பதால் யாரோ ஒரு புண்ணியவான் பிள்ளையார் பெயரில் பதிந்தார். அதுவே வழக்கமாயிற்று. தினமும் பிள்ளையார் கணக்கில் இத்துனூண்டு கதிர்வீச்சு ஏறும். அது மாத அறிக்கையில் சேர்ந்து குழப்பக்கூடாது என்று, பிள்ளையார் வரிகளைத் தானாக விட்டுவிடும்படி எக்செல்லில் ஒரு சூத்திரம் நாலு வருடத்துக்கு முன்னால் எழுதப்பட்டது.

பால்துரையைக் கூப்பிட்டேன்.

"ஆமா மேடம். மெஷின் நின்னுட்டு. போட்டா மறுபடி பேரு, நம்பரு எல்லாம் கேக்குது. கம்பி ஆளுக்குள்ள கெடக்கு. சாரு 'படம் குடுல, படம் குடுல'ன்னு கத்துதாரு. பேரு அடிச்சிட்டு இருக்க முடியுமா? லிஸ்டுல பிள்ளையாருதான் ரெடியா இருந்தாரு. அமுக்கிட்டேன்."

"எங்கிட்ட ஏம்ல சொல்லல?"

"நோட்டுல எழுதிருக்கேனே மேடம்."

நோட்டைக் கொண்டு வந்தான். மே இருபது: 'ஆவுடையப்பன், மீதி பிள்ளையார்ல.' அதற்குக் கீழே, படித்துப் பார்த்ததற்கு அடையாளமாக, பச்சை மையில் ஒரு கையெழுத்து. ஆஸ்பத்திரியில் பச்சை மை பேனா ஒருத்தியிடம்தான் இருக்கிறது. அவனைத் திட்டுவதற்கென்று நான்கு வார்த்தை தயாராக வைத்திருந்தேன், நான்கும் வீணாயின.

கூட்டினால் எட்டரை. தூரம், மேசை, கோணம் எல்லாம் போட்டால் தோலில் ஏழு கிரே. அவ்வளவும் ஒரே இடத்தில். ஏழு கிரே பட்ட தோல் இரண்டாவது வாரம் சிவக்கும் என்று பாடப் புத்தகத்தில் இருக்கிறது. அந்த மனுஷனின் முதுகு என்னைவிடச் சரியாகக் கணக்குப் போட்டிருக்கிறது.

இருபத்து நாலாம் தேதி அதே கோணத்தில் மறுபடியும் படுக்கப் போகிறார். அதே சதுரத்தில் இன்னொரு ஐந்தோ ஆறோ ஏறினால் தோல் செத்துப்போகும். மாதக்கணக்கில் ஆறாத புண். ஸ்டியரிங் பிடித்து முதுகைச் சாய்த்து உட்காருகிற வேலை.

நாளை டாக்டரிடம் சொல்ல வேண்டும்.

ஜூன் 19, புதன்

டாக்டர் மதுரையில் ஒரு கூட்டத்துக்குப் போயிருக்கிறார். போன் இருக்கிறது. போனில் சொல்லும் விஷயம் அல்ல.

உலகம்மாள் படியில் இருந்தார். "பாத்தியளா மேடம், அந்தக் கணக்கு?" "பார்த்துக்கிட்டு இருக்கேன்" என்றேன்.

குழாய் சரியாகிவிட்டது. பிளம்பர் நூற்றைம்பது கேட்டார். ஒரு வார்த்தை பேசாமல் கொடுத்தேன். அவரே பயந்துபோய்ப் பார்த்தார்.

ஜூன் 20, வியாழன்

சொன்னேன்.

நம்பிராஜன், "மெஷின் தப்பா?" என்றார்.

"இல்ல சார்."

"பால்துரையா?"

"அவன் நோட்டுல எழுதி வச்சிருக்கான்."

"பெறகு?"

"சூத்திரம் சார். பிள்ளையார் வரிய விட்டுருது."

"அத யாரு எழுதுனது?"

"நான்தான்."

நல்ல மனுஷன். கத்தவில்லை. கத்தியிருந்தால் பதிலுக்கு நானும் கத்தியிருப்பேன், இருவருக்கும் சுகமாக இருந்திருக்கும். இரண்டு பேரும் உட்கார்ந்து திட்டம் போட்டோம். இந்த முறை எக்ஸ்ரே இடது பக்கத்திலிருந்து போகும். படம் கொஞ்சம் மங்கும், வேலை கடினம். பரவாயில்லை. நான் உள்ளே நின்று எண்ணைப் பார்த்துச் சொல்வேன்.

வீட்டாரிடம் எப்போது சொல்வது என்று கேட்டேன். "திங்கக்கிழமை முடியட்டும் மேடம். இப்பம் சொன்னா மனுசன் பயந்து ஓடிருவாரு. அந்த அடைப்போட வீட்டுல உக்காந்தார்னா என்னைக்கு வேணும்னாலும் நின்னுரும். செவ்வாக்கெழம சொல்லிருவோம்" என்றார்.

நியாயமான காரணம். அதில் எனக்கும் கொஞ்சம் வசதி இருந்தது என்பதை இங்கே எழுத வேண்டிய அவசியம் இல்லை.

ஜூன் 22, சனி

மேனேஜருக்கு விஷயம் போய்விட்டது. எழுத்தில் எதுவும் கொடுக்கக்கூடாதாம். வாயால் சொல்வதானால் 'தொழில்நுட்பப் பதிவுக் கோளாறு' என்று சொல்ல வேண்டுமாம். துணி உலர்த்தும்போது இரண்டு தடவை சொல்லிப் பார்த்தேன். நன்றாகத்தான் வருகிறது.

ஜூன் 24, திங்கள்

நர்ஸ் சிவப்புச் சதுரத்தைச் சுற்றி மார்க்கரால் கோடு போட்டுவிட்டாள். ஒன்பதே காலுக்கு ஆரம்பம். பால்துரை பெயரை எழுத்துக்கூட்டி உரக்க வாசித்துவிட்டுத்தான் பதிந்தான்.

நாற்பது நிமிடம் நன்றாகப் போனது. பிறகு கம்பி ஒரு வளைவில் மாட்டிக்கொண்டது. இடது கோணத்தில் வளைவு சரியாகத் தெரியவில்லை. டாக்டர் கை தானாகப் பழைய கோணத்துக்குத் திருப்பியது.

"சார், அது வலது பக்கம்" என்றேன்.

"ஒரு நிமிசம் மேடம்."

"சார்."

"மேடம், கம்பி எங்க போவுதுன்னே தெரியல. ஒரே நிமிசம்!"

"நாப்பது செகண்ட் தரேன்" என்றேன். நான் தர அது என் வீட்டுச் சொத்தா? இருந்தாலும் உரக்க எண்ணினேன். முப்பத்தாறில் கம்பி தாண்டியது. அவர் மெஷினை இடதுபக்கம் திருப்பினார். நான் நிறுத்தாமல் நாற்பத்தைந்து வரை எண்ணிவிட்டேன். எண்ணுகிறவளுக்கே இந்தக் கதி.

முடிந்தபோது மொத்தம் 1.3. பழைய சதுரத்தில் விழுந்தது 0.2. அடைப்பு போயிற்று. முதுகு தப்பித்தது. டாக்டர் தொப்பியைக் கழற்றி, "நீங்க டிராபிக் போலீசுல இருந்திருக்கணும்" என்றார்.

ஜூன் 25, செவ்வாய்

பதினொரு மணிக்கு நானும் டாக்டரும் சேர்ந்து சொல்வதாக ஏற்பாடு. பத்தே முக்காலுக்கு டாக்டருக்கு எமர்ஜென்ஸி வந்தது. உண்மையான எமர்ஜென்ஸிதான், விசாரித்தேன்.

ஆவுடையப்பன் ஒருக்களித்துப் படுத்திருந்தார். அக்கா ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார். உலகம்மாள் வழக்கம்போலக் கதவோரம். முதுகில் இருப்பது வென்னிச் சூடு அல்ல, முதல் தடவை எக்ஸ்ரே அதிகமாகப் பட்டதால் வந்தது, தொழில்நுட்பப் பதிவுக் கோளாறு காரணமாக அது எங்களுக்கு உடனே தெரியவில்லை, நேற்று அந்த இடத்தைத் தவிர்த்துத்தான் செய்தோம், ஆறிவிடும், ஒரு வருடம் மாதாமாதம் நாங்களே பார்ப்போம் என்றெல்லாம் சொன்னேன்.

அக்காதான் முதலில் எழுந்தார். "அப்பம் ஆசுவத்திரிதான் எந் தம்பியப் பொசுக்குச்சா? நல்லாருப்பியளா நீங்க?" கேட்க வேண்டிய கேள்விதான். ஆவுடையப்பன் மனைவியைப் பார்த்தார். மூன்று வாரத்தில் முதல் தடவையாக இருக்கும், பார்க்கத் தெரியாமல் பார்த்தார்.

உலகம்மாள் கத்தவில்லை. அழவும் இல்லை.

"எப்பம் தெரியும் மேடம் உங்களுக்கு?"

நேற்று என்று சொல்லியிருக்கலாம். வாயில் வந்தது.

"போன செவ்வாக்கிழமை."

"பொதங்கெழம படியில உக்காந்து ஒங்ககிட்ட கேட்டேன்."

"ஆமா."

"பாத்துக்கிட்டு இருக்கேன்னு சொன்னிய."

"ஆமா."

அவர் விரல் விட்டு எண்ணினார். ஏழு வந்தது. "இந்த ஏழு நாளும் நான்தாம் பொசுக்குனேன்னு நானே நம்பிட்டு இருந்தேன் மேடம். வென்னிப் பைய எடுத்து எங்கையிலயே வச்சு வச்சுப் பாத்தேன், இப்பிடிச் சுடுமா, இப்பிடிச் சுடுமான்னு." உள்ளங்கையைக் காட்டினார். சிவந்திருந்தது. அது நிஜமான வெந்நீர்ச் சூடு. எனக்கு அழுகை வந்தது. அடக்கிக்கொண்டேன், அழுகிற உரிமை அங்கே எனக்கு இல்லை.

"எழுதித் தாரியளா?"

"எழுத்துல தர விடமாட்டாங்க."

"அப்பம் வாங்க. நாளைக்கு இவுகள வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறோம். எங்க தெருவுல நீங்க வந்து சொல்லணும்."

ஜூன் 26, புதன்

அரை நாள் லீவு எழுதிக் கொடுத்தேன். காரணம்: சொந்த வேலை.

பேட்டையில் அவர்கள் தெருவில் பதினோரு வீடு. ஆவுடையப்பனைக் கட்டிலில் படுக்க வைத்துவிட்டு உலகம்மாள் முன்னால் நடந்தார். ஒவ்வொரு வாசலிலும் ஒரே வாசகம்: "ஆசுவத்திரி மேடம் ஒரு விசயம் சொல்லணும்னு வந்திருக்காவ." சொல்லிவிட்டு ஒதுங்கி நின்றுகொள்வார். பிறகு என் பாடு.

முதல் வீட்டில் 'தொழில்நுட்பப் பதிவுக் கோளாறு' என்றேன். அந்த அம்மாள் முறத்தைக் கீழே வைத்துவிட்டு, "யாரு கோளாறு?" என்றார். இரண்டாவது வீட்டில் எக்ஸ்ரே, கோணம், தூரம் எல்லாம் விளக்கினேன். அவர்கள் சீரியல் ஓடிக்கொண்டிருந்தது. நாலாவது வீட்டில் மூன்று வரியாகச் சுருங்கியது. ஆறாவது வீட்டில் காப்பி கொடுத்தார்கள். வேண்டாம் என்றேன். "குடிங்க" என்றார் உலகம்மாள். குடித்தேன்.

எட்டாவது வீட்டில் ஒருத்தி, "நான் அப்பமே சொன்னேன், உலகு அப்பிடிச் செய்யக்கூடியவளான்னு" என்று ஆரம்பித்தாள். உலகம்மாள் அவளை ஒரு பார்வை பார்த்தார். அவள் நிறுத்திக்கொண்டாள்.

பத்து வீடு முடிந்தபோது வெயில் உச்சிக்கு வந்துவிட்டது. பதினோராவது வீட்டில் யாரும் உள்ளே இல்லை. எல்லோரும் எதிரே தண்ணீர்க் குழாயடியில் நின்றார்கள். ஏழெட்டுப் பெண்கள், குடங்கள், நடுவில் தண்ணீர் விழும் சத்தம். எங்களைக் கண்டதும் பேச்சு நின்றது.

"இங்கயும் சொல்லிருங்க மேடம்" என்றார் உலகம்மாள்.

"இவங்க பொசுக்கல" என்றேன். "எக்ஸ்ரேதான் பொசுக்குச்சு. அதுக்குக் கணக்குப் போட்டது நான். தப்பாப் போட்டுட்டேன். தெரிஞ்ச பெறகும் ஏழு நாள் சொல்லாம இருந்தேன்."

"தண்ணிச் சத்தத்துல அவுகளுக்குக் கேக்கல" என்றார் உலகம்மாள். "இன்னும் சத்தமாச் சொல்லுங்க."

சொன்னேன்.